வாசல் தாண்டாத பாடங்கள்

தெற்றிவிளை குருத்தோலை உயர்நிலைப்பள்ளியின் அங்கீகாரம் முடிந்துபோன ஆண்டில், பள்ளி திறந்த முதல் நாள் மாலை நான்கு பத்துக்கு, அங்கே படித்த பிள்ளைகளில் நாற்பத்து மூன்று பேர் தப்பான பேருந்தில் ஏறிப் போனார்கள். கருங்கல் போகவேண்டியவர்கள் குலசேகரத்தில் இறங்கினார்கள். அருமனைக்காரர்கள் களியக்காவிளை வரைக்கும் போய்ப் பரோட்டா தின்றுவிட்டுத் திரும்பினார்கள். பேருந்தின் நெற்றியில் எழுதியிருந்த ஊர்ப் பெயர் அவர்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. அன்று காலை முதல் பாடவேளையில் ஒன்றரைப் பக்கக் கட்டுரையைப் பிழையில்லாமல் எழுதியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அந்த வாரம் ரப்பர் ஷீட் கிலோ நூற்று ஐம்பத்து மூன்று ரூபாய்க்குப் போனது, மழையும் நேரத்துக்கு வந்திருந்தது, மற்றபடி ஊரில் ஒரு குறையும் இல்லை.

மறுநாள் காலை முதல் ஆளாக வந்து நின்றவர் இனயம் ததேயுஸ். முன்பு கடலுக்குப் போனவர், இப்போது பைக்கின் பின்னால் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு சிதறால் வரைக்கும் வீடு வீடாக மீன் விற்கிறவர். அவருடைய மகள் ஜின்சி, பத்தாம் வகுப்பு, முந்தின நாள் மாலை பேச்சிப்பாறையில் அணைக்குப் பக்கத்துக் கடையில் பழம்பொரி தின்றுகொண்டிருந்தபோது கண்டுபிடிக்கப்பட்டாள். பள்ளியின் தாளாளரும் தலைமையாசிரியையுமான ஜெயபாய் டீச்சரின் மேசைக்கு முன்னால் நின்று ததேயுஸ் சொன்னார்: "எனக்க மோளுக்கு போர்டு வாசிக்கத் தெரியல்ல டீச்சர். எல்கேஜியில இருந்து இஞ்சதான் படிக்கா. நீங்க என்னத்தத்தான் படிப்பிச்சிய?"

ஜெயபாய் டீச்சர் அன்றைய ஆங்கில நாளிதழை எடுத்து ஜின்சியிடம் கொடுத்தார். அவள் தலையங்கத்தைக் கடகடவென்று வாசித்தாள். ததேயுஸ் மகளை அதே தாளோடு கேட்டுக்கு வெளியே கூட்டிப்போனார். அங்கே அவள் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, அதில் இருந்த கார் படத்தைப் பார்த்தாள். உள்ளே கூட்டி வந்தார், வாசித்தாள். வெளியே கொண்டுபோனார், வாயை மூடினாள். நாலு தரம் இப்படிச் செய்துபார்த்துவிட்டு அவர் சற்றுச் சமாதானமானார். "அப்ப சீக்கு பிள்ளைக்கு இல்ல," என்றார், "கேட்டுக்குத்தான்."

கேட்டை மாற்றிப் பார்த்தார்கள். வடக்கு மதிலை இடித்து அங்கே ஒரு வழி விட்டார்கள், அதுவும் அப்படித்தான் இருந்தது. பள்ளியின் ஏதாவது ஒரு பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள், அது பிள்ளையானாலும் ஆசிரியரானாலும், பள்ளிக்குள் அறிந்துகொண்டது எதுவும் வாசல் தாண்டி வரவில்லை. மறுநாள் காலை உள்ளே கால் வைத்ததும் விட்ட இடத்தில் அப்படியே கிடைத்தது. முன்பு படித்து முறையாக மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மஸ்கட்டில் நர்சாக இருக்கும் பழைய மாணவி ஒருத்தியிடம் போனில் கேட்டதற்குப் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக் காட்டினாள். ரோட்டோரத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் நடத்திப் பார்த்தார்கள். ஆனால் ஆசிரியர்களும் பாதிப் பாடத்தை இந்தப் பள்ளியில் நடத்தி நடத்தித்தான் படித்திருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரியவந்தது. ஜெயபாய் டீச்சருக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய கணவர் ஜெயசிங். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து இதே பள்ளி மைதானத்தில் கற்றுக்கொடுத்தார். ஆகையால் டீச்சர் தினமும் கேட் வரைக்கும் ஓட்டிவந்து, அங்கிருந்து ஒன்றே முக்கால் கிலோமீட்டர் வண்டியை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காரணம் ஒருத்திக்கு மட்டும் தெரிந்திருந்தது. பள்ளி அலுவலகத்தில் பதினேழு வருடமாக எழுத்தராக இருந்த ரெஜிலாவுக்கு. ஒரு மாணவனுக்கு மாற்றுச் சான்றிதழ் எழுதி, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி அனுப்பியிருந்தாள். கேட்டைத் தாண்டியதும் அவனுடைய அப்பாவின் கையில் வெறும் வெள்ளைத் தாள்தான் இருந்தது. அவள் சுவரில் மாட்டியிருந்த அங்கீகார ஆணையைப் போய்ப் பார்த்தாள். எழுத்துகள் வெயிலில் காய்ந்த துணிபோல வெளுத்திருந்தன. தேதி மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"டீச்சர், மே முப்பத்தொண்ணோட அங்கீகாரம் தீர்ந்துபோச்சு," என்றாள். "நான் தையிலேயே பறைஞ்சேன்."

"அது காயிதம் மக்களே," என்றார் ஜெயபாய் டீச்சர். "காயிதத்துக்கும் பிள்ளையளுக்க மூளைக்கும் என்ன சம்பந்தம்? நாம நல்லாத்தானே படிப்பிக்கியோம்."

நன்றாகத்தான் படிப்பித்தார்கள், அதில் சந்தேகமில்லை. தனியார் பள்ளியின் அங்கீகாரத்தை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கட்டடத்துக்கு உரிமம், அது உறுதியாக நிற்கும் என்று பொறியாளரின் சான்று, தீயணைப்புத் துறையின் சான்று, சுகாதாரச் சான்று, இவையெல்லாம் வேண்டும்; விண்ணப்பம் போனால் கல்வித் துறையிலிருந்து ஆள் வந்து பார்ப்பார்கள். டீச்சர் தள்ளிப்போட்டதற்குக் காரணம் மாடி ஹால். போன அங்கீகாரம் வந்த பிறகு, ஜெயசிங் இறப்பதற்கு முந்தைய வருடம், தன் கையால் அளந்து கட்டிய ஹால் அது. வரைபடம் இல்லை, அனுமதி இல்லை. ஏறுவதற்கு வெளிப்புறமாக ஒரு சுருள் இரும்புப் படி. எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளின் தொண்ணூற்றாறு பிள்ளைகள் அங்கேதான் படித்தார்கள். யாராவது வந்து பார்த்தால் அந்தப் படியைப் பற்றி ஏதாவது சொல்வார்கள் என்று டீச்சருக்குத் தெரியும். அதைக் கேட்க அவருக்கு மனமில்லை.

ரெஜிலாவால் அப்படித் தள்ளிப்போட முடியாது. அவளுக்கு நாற்பத்தொரு வயது. இருபது வயதில் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு நர்சிங் நிலையத்தில் இரண்டு வருடம் படித்தாள். இன்று அந்த இடத்தில் டைல்ஸ் கடை இருக்கிறது. படிப்பு முடிந்ததும் தங்க எழுத்தில் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு மூன்று நேர்காணலுக்குப் போனாள். மூன்றாவது இடத்தில் இருந்த அம்மாள் சான்றிதழைப் பார்த்தாள், திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள், ஒரு பதிவு எண்ணுக்காகத் தேடினாள் என்று ரெஜிலாவுக்குப் பிற்பாடுதான் புரிந்தது, பிறகு தாளை மடங்காமல் திருப்பிக் கொடுத்தாள். அந்த அம்மாள் திட்டவில்லை, வருத்தமாகப் பார்க்கவுமில்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். பத்தாம் வகுப்பில் இப்போது முப்பத்தொரு பிள்ளைகள். ஜனவரிக்குள் அவர்களுடைய பெயர்ப்பட்டியல் தேர்வுத் துறைக்குப் போக வேண்டும். அங்கீகாரம் இல்லாத பள்ளியின் பெயரில் பொதுத்தேர்வு எழுத முடியாது. பட்டியலை எடுத்துப்போனாலும் கேட்டுக்கு வெளியே அது வெள்ளைத் தாள்தான்.

நாலு நாள் அவள், கேட்டுக்கு வெளியே டீச்சர் வண்டியை உருட்டும்போதெல்லாம் கூடவே நடந்து, இதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. ஐந்தாம் நாள் அதே ரோட்டில் டீச்சர், "சரி, அப்பிளிக்கேஷனைப் போடு, வாறவங்க வரட்டு," என்றார். மூன்று வருடத்துக்கு முந்தைய விண்ணப்பத்தின் நகல் ரெஜிலாவின் வீட்டில் இருந்தது. அதன் எழுத்து போகவில்லை. அதைக் கொண்டு மார்த்தாண்டத்தில் ஒரு கணினி மையத்தில் விண்ணப்பம் போட்டாள். தட்டச்சு அவள் படித்ததும் பள்ளியில்தான் என்பதால், அங்கே இருந்த பெண் அடிக்க, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள்.

ஆகஸ்டில் ஜெபசீலன் வந்தார். ஆய்வுக்கு அனுப்பப்பட்ட அலுவலர், அறுபதை நெருங்குகிற ஒல்லி மனிதர், கையில் இஞ்சு டேப் வைத்திருந்தார். அவர் பெயரை ரெஜிலா வருகையாளர் பதிவேட்டில் எழுதிக்கொண்டாள். நான்கு மணி நேரம் ஒவ்வொரு அறையாகப் பார்த்து ஆறு பக்கம் எழுதினார். கேட்டைத் தாண்டி ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் ஆறு பக்கமும் வெளுத்தது. பள்ளியில் தந்த காப்பியின் ருசி நாக்கில் இருந்தது, வேறு எதுவும் ஓர்மையில் இல்லை. நேர்மையான மனிதர். பார்க்காததைப் பார்த்ததாக எழுத அவருக்குக் கை வராது. அடுத்த மாதம் மறுபடியும் வந்தார். உள்ளே நுழைந்ததும் போன முறை பார்த்தது எல்லாம் திரும்ப வந்ததால், நேராக மாடி ஹாலுக்குப் போனார்.

"மணி அடிச்சா இந்தப் பிள்ளையள் கீழ வாறதுக்கு எவ்வளவு நேரம் ஆவும் டீச்சர்?" என்று கேட்டார்.

 ஜெபசீலனே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மணி அடிக்கச் சொன்னார். சுருள் படி ஒரு ஆள் அகலம். பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகச் சுற்றிச் சுற்றி இறங்கினார்கள். தொண்ணூற்றாறு பேரும் தரைக்கு வரப் பதினொரு நிமிடம் ஆயிற்று. எழுபதாவதோ எழுபத்தொன்றாவதோ ஆளாக வந்த ஜின்சியின் கால் இரண்டு படிகளுக்கு இடையில் நழுவிச் சிக்கியது. பின்னால் வந்தவர்கள் அவள்மேல் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். யாரும் தள்ளவில்லை, யாரும் ஓடவில்லை, ஏனென்றால் எங்கும் தீப்பிடிக்கவில்லை. ஜெபசீலன் எழுதிக்கொண்டார். ரெஜிலா ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கி, தாழ்வாரத்து பெஞ்சில் படுக்கவைத்து, கணுக்காலைத் தொட்டுப் பார்த்து எலும்பு முறியவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, தன் துப்பட்டாவைக் கிழித்து எட்டு வடிவில் கட்டுப் போட்டாள். கட்டு அவ்வளவு கச்சிதமாக இருந்தது. ஜெபசீலன் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுப் போன பிறகும் டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத எங்க படிச்ச?"

"ஒரு நர்சிங் நிலையத்துல டீச்சர். ரெண்டு வருசம்."

"பதினேழு வருசமா எங்கிட்ட சொல்லல்லியே."

"அந்த எடத்துக்கு அங்கீகாரம் இல்ல. சொல்லி என்னத்துக்கு?"

டீச்சர் குனிந்து கட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "இவ்வளவு நல்லாக் கட்டுத. காயிதம் இல்லாட்டா என்ன, படிப்பு உள்ளதுதானே?" என்று கேட்டார்.

"கட்டு மட்டுந்தான் டீச்சர் தெரியும்," என்றாள் ரெஜிலா. "அத நாங்க ஒருத்திக்கு ஒருத்தி போட்டுப் படிச்சோம். ஊசி ரெண்டு வருசமும் தலையணைக்குத்தான் போட்டோம். பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில கொண்டு விடணும்னு எங்களுக்குத் தெரியாது. பாக்கதுக்கு ஒரு ஆளு வந்திருந்தா, ஆஸ்பத்திரி எங்கன்னு அன்னைக்கே கேட்டிருப்பாவ. யாரும் வரல்ல."

ஜெயபாய் டீச்சர் எழுந்து மைதானத்தில் இறங்கி, சுருள் படியின் அடியில் போய் நின்றார். கைப்பிடியில் கை வைத்தார். கணவர் வெல்டிங் பட்டறையில் இரண்டு நாள் பக்கத்தில் நின்று வளைக்கச் சொல்லி வாங்கிய கைப்பிடி அது. ஆண்டு விழாவுக்கு விருந்தினர்கள் வந்தால் முதலில் அந்தப் படியைத்தான் காட்டுவார். டீச்சர் எவ்வளவு நேரம் நின்றார் என்று ரெஜிலா பார்க்கவில்லை. பிள்ளைகளைக் கேட் வரைக்கும் அனுப்பிவிட்டுத் திரும்பியபோது அவர் அலுவலக வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"வெளிய போனா எனக்கு இது ஓர்மை இருக்காது," என்றார். "வெல்டர் ஷாஜனை இப்பமே விளி. நான் நிக்கும்போதே வெட்டட்டு."

ஷாஜன் கட்டிங் மெஷினோடு வந்தபோது மணி ஐந்தரை. முதல் வெட்டு விழுந்த பிறகுதான் டீச்சர் ஸ்கூட்டரை எடுத்தார். அன்று இரவு வீட்டில் அவருக்கும் ரெஜிலாவுக்கும் நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைத்ததுபோல ஒரு லேசு இருந்தது. எதனால் என்று இருவருக்கும் தெரியாது. சுருள் படியை ததேயுஸ் கேட்டு வாங்கிக்கொண்டுபோய் இனயத்தில் தன் வீட்டு மொட்டைமாடிக்கு வைத்தார். அங்கே ஏறுகிறவர் அவர் ஒருவர்தான், அகலம் போதும்.

அடுத்த இரண்டு மாதம் மாடிப் பிள்ளைகள் கீழே தாழ்வாரத்திலும் மேடையிலும் நெருக்கி உட்கார்ந்து படித்தார்கள். நாலு பேர் சேர்ந்து இறங்குகிற அகலத்தில் கான்கிரீட் படி எழும்பியது, ஹாலுக்கு மறுபுறமும் ஒரு படி வந்தது. அதுவரை இல்லாத வரைபடம் ஒன்று அந்த ஹாலுக்கு வரையப்பட்டு அனுமதிக்குப் போனது. பெண்பிள்ளைகளுக்கு இன்னும் நான்கு கழிப்பறை கட்டினார்கள். ரெஜிலா தினமும் காலையில் உள்ளே வந்ததும் ஜெபசீலன் சொல்லிப்போன குறைகளின் பட்டியல் அவள் தலைக்குள் வந்து உட்காரும். மாலையில் கேட்டில் அதை இறக்கிவைத்துவிட்டுப் போவாள். எல்லாம் முடிந்தது. ஆனால் முடிந்ததை யார் வந்து பார்த்து, எப்படி வெளியே கொண்டுபோவது என்பதுதான் தெரியவில்லை.

நவம்பரில் ஒரு நாள் அவள் பள்ளிக்கு எதிரே உள்ள கடையில் பேனா வாங்கிக்கொண்டு நின்றபோது, கேட் கம்பிகளுக்கு ஊடாகப் பார்த்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் குழாயடியில் வரிசையாக நின்று வெள்ளம் குடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நின்ற பிள்ளையின் சட்டையில் பித்தான் மாற்றிப் போட்டிருந்தது. அன்று இரவு வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது அவளுக்கு அந்தப் பித்தான் ஞாபகம் வந்தது. கஞ்சி கையில் பட்டதையும் பார்க்காமல் அப்படியே நின்றாள். உள்ளே நடந்ததுதான் அது. ஆனால் வெளியே நின்று பார்த்தது.

மறுநாள் ஜெபசீலனுக்குப் போன் செய்தாள். "சாரே, நீங்க உள்ள வரண்டாம்," என்றாள். "எதிர்ல ஜெபதாஸுக்க வீட்டு மாடியில இருந்து பாருங்க. எல்லாத்தையும் நாங்க காட்டித் தாறோம்."

ஜெபதாஸ் மொட்டைமாடியில் காயப்போட்டிருந்த ரப்பர் ஷீட்டுகளை ஒதுக்கி நாற்காலி போட்டுக்கொடுத்தார். ததேயுஸ் இனயத்து விசைப்படகு ஒன்றிலிருந்து ஆழ்கடலில் கப்பல் பார்க்கிற பைனாகுலரை வாங்கி வந்தார். ஜெபசீலன் அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு, மடியில் தாளைப் பரப்பி உட்கார்ந்தார். கீழே பள்ளியில் ரெஜிலா புதுப் படியின் குறுக்கே டேப்பை இழுத்துப் பிடித்து, எண்ணைப் பெரிய அட்டையில் எழுதித் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். அவர் பைனாகுலரில் டேப்பையும் பார்த்து, அட்டையையும் பார்த்து, பிறகுதான் எழுதினார். ஆசிரியர்கள் தாழ்வாரத்தில் வரிசையாக நின்று தங்கள் பட்டச் சான்றிதழ்களைத் தூக்கிப் பிடித்தார்கள். கழிப்பறைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. தீயணைக்கும் கருவியைக் கணக்கு வாத்தியார் தோளில் தூக்கிவந்து, காலாவதித் தேதி தெரியும்படி திருப்பினார். கடைசியில் மணி அடித்தார்கள். மாடியிலிருந்து இரண்டு படிகளிலும் பிள்ளைகள் நாலு நாலு பேராக இறங்கி மைதானத்தில் வரிசையில் நின்றார்கள். ஜின்சி முன்வரிசையில் இறங்கினாள். இரண்டு நிமிடம் பத்து வினாடி. எதிர் மாடியில் கூடியிருந்த அக்கம்பக்கத்தார் கைதட்டினார்கள். ஜெபசீலன் தட்டவில்லை, அவர் கடிகாரத்தைப் பிடித்திருந்தார்.

ஏணி இறங்கி வரும்போது அவர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். எழுத்து நின்றது. "முப்பத்திரண்டு வருசமா ஸ்கூலுக்கு உள்ள போய்ப் பாத்திருக்கேன்," என்று ததேயுஸிடம் சொன்னார். "வெளிய இருந்து பாக்கது இதான் முதல் தடவ. கொள்ளாம்." அதற்குப் பிறகு தீயணைப்புக்காரர்களும் சுகாதார ஆய்வாளரும் பொறியாளரும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்து பார்த்தார்கள். ஜெபதாஸ் வீட்டில் எல்லாருக்கும் ஏத்தங்காய் உப்பேரி வறுத்துக் கொடுத்தார்கள்.

பெயர்ப்பட்டியல் கொடுக்க மூன்று நாள் மீதி இருக்கும்போது, ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, அங்கீகார ஆணை வந்தது. ரெஜிலா அதை மார்த்தாண்டத்திலிருந்து பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பின்பக்கத்தையும் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். எண் இருந்தது. அலுவலகச் சுவரில் பழைய ஆணையைக் கழற்றிவிட்டு இதை மாட்டும்போது ஜெயபாய் டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மாலை நான்கு பத்துக்கு மணி அடித்தது. பிள்ளைகள் வழக்கம்போலக் கேட்டை நோக்கி நடந்தார்கள். முதலில் போன ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி வெளியே கால் வைத்ததும் நின்று, எதிரே வந்த பேருந்தைப் பார்த்து, "கருங்கல்," என்றாள். பின்னால் வந்தவர்கள் கடைப் பலகை, மைல் கல், சுவரொட்டி, சபைக் கன்வென்ஷன் பேனர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்துக்கொண்டே போனார்கள். டீச்சர் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்து, கேட்டுக்கு வெளியே நின்று கொஞ்சம் யோசித்து, ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

ரெஜிலா கடைசியாக வந்தாள். கேட்டைத் தாண்டியதும் ஏழு மாதமும் சேர்ந்து அவள்மேல் வந்து விழுந்தது. தாழ்வாரத்து பெஞ்ச், ஜின்சியின் வீங்கிய கணுக்கால், இத எங்க படிச்ச என்று டீச்சர் கேட்டது, படியின் அடியில் நின்ற டீச்சரின் முதுகு. எல்லாவற்றையும் வெளியில் வைத்து அவள் நினைப்பது அதுவே முதல் தரம். மதிலில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெயர்ப்பட்டியல் இருந்த பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, சிரித்தபடி நடந்தாள். முப்பத்தொரு பேரும் அந்த ஆண்டு தேர்வு எழுதினார்கள், இருபத்தொன்பது பேர் தேறினார்கள், மற்ற இருவரும் ஜூனில் எழுதித் தேறினார்கள்.

ஏழு மாதப் பாடம் ஒரே மாலையில் ஒரே வாசல் வழியாக வெளியே வந்ததில் கொஞ்சம் அங்கிங்கே சிதறத்தான் செய்தது. அந்த நேரத்துக்கு நிறுத்தத்தில் நின்ற பேருந்தின் நடத்துநருக்கு முகலாய மன்னர்களின் வரிசை கிடைத்தது. ஜெபதாஸின் மனைவிக்குத் தாவரங்களின் உணவுத் தயாரிப்பு கிடைத்தது. அவர் அதன் பிறகு ரப்பர் மரங்களோடு கொஞ்சம் மரியாதையாக நடந்துகொண்டார். மகளைக் கூட்டிப்போகக் கேட்டில் பைக்கோடு நின்ற ததேயுஸுக்குத்தான் பெரும்பங்கு விழுந்தது: பத்தாம் வகுப்பு முக்கோணவியல் முழுவதும். மறுநாள் காலை சிதறாலில் மீன் விற்கும்போது, மலையின் உயரத்தை ரோட்டில் நின்றே சொல்லிவிட்டு, மறுபடியும் சாளை சாளை என்று கூவினார். வீடுகளில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போதும் அவர் பைக் வந்து நின்றால் பெண்கள் ஒரு கையில் சட்டியும் மறுகையில் பிள்ளையின் கணக்கு நோட்டுமாக வருகிறார்கள். அவர் மீனை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, ஈரக் கையைக் கைலியில் துடைத்து, பேனாவை வாங்கி விடுபட்ட வரியை எழுதிக் கொடுக்கிறார். பத்தாம் வகுப்புப் பிள்ளை உள்ள வீடுகளில் சாளை கொஞ்சம் கூடுதலாகவே வாங்குகிறார்கள்.